பதினாறு வயதுக்கு ஓர் எண்

டெ மாய்ன், ஐயோவா



அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிப்ரவரி மாதம் மல்யுத்தத்துக்கு உரியது. மக்காச்சோள வயல்கள் உறைபனிக்கு அடியில் கிடக்கும். கடைக்கோடி ஊர்களிலிருந்தெல்லாம் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் தலைநகரை நோக்கி வரும். டெ மாய்ன் நகர நடுவிலுள்ள பெரிய அரங்கில் ‘மேட்டு’ எனப்படும் மெத்தை விரிப்புகளை வரிசையாக விரித்து, ஒரே நேரத்தில் பல ஆட்டங்களை நடத்துவார்கள். மேலே இருக்கைகளில் தாத்தாக்கள் தங்கள் காலத்துப் பிடிகளைப் பேரன்களுக்குக் கைகளாலேயே செய்து காட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் எட்டு இடங்களுக்கு மேடை உண்டு. இங்குள்ள சிற்றூர்களில் எட்டாவது இடமே ஆயுளுக்கும் சொல்லிக்கொள்ளத் தக்க பெருமை.

இந்தப் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் ஓர் எண்ணைப் பற்றித்தான் இந்த மடல். பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு 1540 என்றோ 1710 என்றோ திறன் மதிப்பு போடுகிறார்கள். அது எப்படி வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டால் நம் ஊரில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயன்படும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

முதலில், இப்படி ஓர் எண் எதற்கு? போட்டி அட்டவணை போடத்தான். ஒரு எடைப்பிரிவில் பதினாறு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால், மிகச் சிறந்த இருவர் முதல் சுற்றிலேயே மோதிவிடலாம். மல்யுத்தத்தில் தோற்றவனுக்கு ஆறுதல் சுற்று உண்டு. அடுத்தடுத்து வென்று மேலே வரலாம். ஆனால் அந்த வழி மூன்றாம் இடத்தோடு முடிந்துவிடும். அட்டவணை தவறினால் மாநிலத்தின் இரண்டாவது சிறந்த பிள்ளை, தன் தவறு எதுவுமில்லாமல், மூன்றாவதாகத்தான் வர முடியும். அதனால் வலுவானவர்களை எதிரெதிர்ப் பாதியில் வைக்க வேண்டும். யார் வலுவானவர் என்று யாராவது சொல்ல வேண்டும்.

நெடுங்காலமாக அதை மனிதர்கள் சொன்னார்கள். போட்டிக்கு முன்னால் கோச்சுகள் ஓர் அறையில் கூடுவார்கள். நேருக்கு நேர் மோதியிருக்கிறார்களா, யார் வென்றது? பொதுவான எதிராளி யாராவது உண்டா? போன ஆண்டு மாநிலப் போட்டியில் என்ன இடம்? இப்படி ஒவ்வொன்றாக வாதாடி முடிவு செய்வார்கள். பத்திரிகைகளும் பட்டியல் போட்டன. ஐயோவாவில் ‘தி பிரெடிகமென்ட்’, வடக்கே மினசோட்டாவில் ‘தி கில்லட்டின்’ என்று மல்யுத்தத்துக்கென்றே பத்திரிகைகள் உண்டு. அவற்றின் எடைவாரிப் பட்டியலை இங்கே தேர்தல் முடிவைப் போலப் படிப்பார்கள். இந்த முறையை நான் மதிக்கிறேன். ஒரு பையன் தோள் வலியோடு ஆடித் தோற்றான் என்பது கோச்சுக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது. ஆனால் கோச்சுகளின் அறையில் குரல் உயர்ந்தவர் வெல்வதும் உண்டு. பெரிய பள்ளியின் பிள்ளை பத்திரிகைக்காரர் கண்ணில் படுவான்; இருநூறு பேர் படிக்கும் கிராமப் பள்ளியின் பிள்ளை படமாட்டான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கணக்கு வந்தது.

இங்கிருந்து கிழக்கே ஆறு மணி நேரம் கார் ஓட்டினால் மில்வாக்கி. அங்கே மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர் ஆர்பாட் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தவர், நல்ல சதுரங்க ஆட்டக்காரர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. ஆனந்த் 2006இல் 2800ஐத் தாண்டினார் என்றும், 2023 செப்டம்பரில் குகேஷ் அவரை முந்தி இந்தியாவின் முதலிடத்துக்கு வந்தார் என்றும் நாம் பேசியதெல்லாம் இவர் வகுத்த எண்ணைத்தான். அதே கணக்கை இங்கே மேட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒருவனுக்கு 1600, மற்றவனுக்கு 1400 என்று வைத்துக்கொள்வோம். 200 வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவன் நூற்றுக்கு 76 தடவை வெல்வான் என்பது எலோவின் சூத்திரம் தரும் எதிர்பார்ப்பு. ஒரு ஆட்டத்தில் கைமாறக்கூடிய புள்ளி அதிகபட்சம் 32 என்று வைத்தால், எதிர்பார்த்தபடி 1600 வென்றால் அவனுக்கு 8 புள்ளி சேரும். 1400 வென்றுவிட்டால் அவனுக்கு 24 சேரும். ஒருவனுக்குச் சேருவது மற்றவனிடமிருந்து கழியும். எதிர்பார்த்தது நடந்தால் எண் கொஞ்சமாக அசைகிறது, எதிர்பாராதது நடந்தால் அதிகம் அசைகிறது. இந்த முறையில் எனக்குப் பிடித்தது, வலுவான எதிராளியிடம் தோற்றவனை அது பெரிதாகத் தண்டிப்பதில்லை என்பதுதான். பத்துக்கு எட்டு வெற்றி என்ற வெறும் விகிதத்தில் எளிய எதிராளிகளைத் தேடிப் போனவனும் கடினமான போட்டிகளுக்குப் போனவனும் ஒன்றாகத் தெரிவார்கள். எலோவில் அப்படித் தெரியமாட்டார்கள்.

ஆனால் மேட்டு சதுரங்கப் பலகை இல்லை. பள்ளிப் பிள்ளையின் உடல் வளர்கிறது. ஒன்பதாம் வகுப்பில் 106 பவுண்டில், அதாவது நம் கணக்கில் 48 கிலோவில் ஆடியவன், பன்னிரண்டாம் வகுப்பில் 150 பவுண்டில் நிற்பான். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் சீசன் முடியும். கோடையில் அவன் எடை தூக்குகிறான், உயரமாக வளர்கிறான், ஜூலையில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போய் ஃப்ரீஸ்டைல் ஆடுகிறான். பள்ளியில் ஆடுவது ஃபோக்ஸ்டைல். கீழே மாட்டிய எதிராளியை அடக்கி வைப்பதற்கும், அடியிலிருந்து தப்பி எழுவதற்கும் அதில் தனி மதிப்பு உண்டு. ஃபார்கோவில் வென்றதும் தோற்றதும் பள்ளிக் கணக்கில் சேருவதில்லை. நவம்பரில் அவன் திரும்பி வரும்போது பழைய எண், வளரும் பிள்ளைக்குப் போன தீபாவளிக்கு எடுத்த சட்டையாக இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை கண்டவர் மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர். 1990களில் அவர் வகுத்த கிளிக்கோ முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று திறன் மதிப்பு. மற்றது, அந்த மதிப்பின் மேல் நமக்கு எவ்வளவு சந்தேகம் என்பது. புதிதாக வருகிறவனுக்கு 1500, சந்தேகம் 350. சந்தேகத்தை இரட்டித்து இருபுறமும் வைத்தால், உண்மைத் திறன் 800க்கும் 2200க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று பொருள். ஏறக்குறைய எதுவும் தெரியாது என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது. ஆட ஆடச் சந்தேகம் சுருங்கும். ஆடாமல் இருந்தால் மறுபடி விரியும். சந்தேகம் அதிகமாக இருப்பவனின் எண் வேகமாக அசையும், குறைவாக இருப்பவனுடையது மெதுவாக அசையும். கோடையில் காணாமல் போய் நவம்பரில் வேறு உடலோடு திரும்பும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. பள்ளி மல்யுத்தத்துக்கு எலோவைவிடக் கிளிக்கோ மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

சந்தேகம் சீக்கிரம் சுருங்காததற்கு இன்னொரு காரணம் உண்டு, அது பூகோளம். ஒரு மாணவன் ஒரு சீசனில் முப்பது, நாற்பது ஆட்டம் ஆடுவான். வாரநாட்களில் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பள்ளிகளோடுதான். ஐயோவாவின் மேற்கெல்லை மிசூரி ஆறு, கிழக்கெல்லை மிசிசிப்பி. மிசூரிக் கரைப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடி ஓர் எண் வரிசையை உண்டாக்கிக்கொள்கிறார்கள், மிசிசிப்பிக் கரைப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடி இன்னொன்றை. இரு கரைக்கும் நடுவில் ஆட்டங்கள் குறைவு. மேற்கில் 1600 என்பதும் கிழக்கில் 1600 என்பதும் ஒன்றுதானா என்று சொல்ல, எங்கோ ஒரு சனிக்கிழமைப் போட்டியில் இரு பக்கத்தாரும் மோதிய சில ஆட்டங்களே சாட்சி. அந்தச் சில ஆட்டங்களில் ஒருவன் காய்ச்சலோடு ஆடியிருந்தால் ஒரு வட்டாரமே தாழ்த்தி மதிக்கப்படும்.

எடைப்பிரிவுகளும் இப்படித்தான் தனித்தனித் தீவுகளாக இருந்துவிடக்கூடும். 106இல் தொடங்கி 285 பவுண்டு வரை, பதினான்காக வகுத்தால் பதினான்கு தீவுகள். அவற்றை இணைப்பவர்கள், பள்ளிக்குப் பள்ளி மோதும் அணி ஆட்டங்களில் தன் பிரிவுக்கு மேலே ஒரு பிரிவு ஏறி ஆடும் பிள்ளைகள். அணிக்காகத் தன்னைவிடக் கனமானவனோடு மோதும் அந்தப் பிள்ளைகளால்தான் 138 பவுண்டின் எண்ணும் 144 பவுண்டின் எண்ணும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன. அவர்கள் தோற்றாலும் கணக்குக்கு அவர்கள் ஆடிய ஆட்டம் பொன் போன்றது.

எலோவும் கிளிக்கோவும் ஆட்டம் முடிய முடிய எண்ணை மாற்றிக்கொண்டே போகும். இன்னொரு வழி, சீசனின் எல்லா முடிவுகளையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மிகப் பொருந்தும் மதிப்புகளை ஒரே மூச்சில் காண்பது. பிராட்லி, டெர்ரி என்ற இருவர் 1952இல் வெளியிட்ட முறை இது. அதற்கும் முன்பே 1929இல் சதுரங்கத்துக்காக ஜெர்மானியக் கணித மேதை செர்மெலோ இதே வழியைக் கண்டிருந்தார். இதில் டிசம்பரில் நீ வென்ற எதிராளி பிப்ரவரியில் பெரிய ஆளாகிவிட்டால், உன் பழைய வெற்றிக்கும் மதிப்பு கூடும். அது நியாயமா என்பது கடினமான கேள்வி. டிசம்பரில் அவன் உண்மையாகவே பலவீனமாக இருந்திருக்கலாம்.

இந்த முறைக்கு ஒரு விசித்திரமான முட்டுக்கட்டை உண்டு. ஒரு தடவைகூடத் தோற்காதவனுக்கு எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் அதைவிடப் பெரியது இன்னும் நன்றாகப் பொருந்தும். அதாவது அவன் மதிப்பு முடிவிலிக்கு ஓடிவிடும். சதுரங்கத்தில் எல்லோரும் எப்போதாவது தோற்பார்கள், டிரா செய்வார்கள். பள்ளி மல்யுத்தத்தில் டிராவே கிடையாது, முழு சீசனும் தோற்காத பிள்ளைகள் உண்டு. ஐயோவாவில் வாட்டர்லூ என்ற ஊர்ப் பள்ளியில் டான் கேபிள் ஆடிய 64 ஆட்டத்திலும் வென்றார். கல்லூரியிலும் தொடர்ந்து வென்று, மொத்தம் 181 வெற்றியோடு 1970 மார்ச்சில் எவன்ஸ்டன் நகரில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்துக்கு இறங்கினார். எதிரே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே எடையைக் குறைத்துக்கொண்டு அந்த 142 பவுண்டுப் பிரிவுக்கு வந்தவர். 13-11. ஓவிங்ஸ் வென்றார். எந்தக் கணக்கும் அன்றைக்கு அவர் பக்கம் நின்றிருக்காது. ஆனால் நல்ல கணக்கு அதை நடக்கவே முடியாதது என்றும் சொல்லியிருக்காது. அதனால் முறை வகுப்பவர்கள் தோற்காதவனையும் முடிவிலிக்கு ஓட விடாமல், நடுவை நோக்கிக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறார்கள். தோல்வி இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான் என்று அந்த இழுப்புக்குப் பொருள். கேபிள் இரண்டு ஆண்டு கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்றார்; பிறகு ஐயோவா பல்கலைக்கழக அணியைப் பதினைந்து தேசியப் பட்டங்களுக்கு அழைத்துச் சென்றார்.

அடுத்தது எனக்கு மிகவும் மனத்தை உறுத்தும் விஷயம். வென்றான், தோற்றான் என்று மட்டும் பார்ப்பதா, எவ்வளவில் வென்றான் என்றும் பார்ப்பதா? அணிப் புள்ளியில் அந்த அளவுக்கு மதிப்பு உண்டு. எட்டுப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தில் வென்றால் அணிக்கு 3, எட்டிலிருந்து பதினான்கு வரை 4, பதினைந்து வந்துவிட்டால் ஆட்டமே அங்கு முடிந்து 5, எதிராளியின் இரு தோள்களையும் மேட்டில் பதித்து ‘பின்’ செய்தால் 6. ஒரு புள்ளி வெற்றியும் பின்னும் திறன் மதிப்பில் மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது இயல்பு. பிள்ளைக்கு முப்பது ஆட்டம்தான் என்னும்போது, ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் கூடுதல் செய்தி கிடைத்தால் நல்லதுதானே?

ஆனால் அந்தச் செய்தி எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். பலமானவன் எதிராளியைக் கீழே தள்ளுகிறான், அதற்குப் பெயர் டேக்டவுன். உடனே பிடியை வேண்டுமென்றே விடுகிறான். எதிராளி எழுந்துகொண்டதற்கு ஒரு புள்ளி. மறுபடி தள்ளுகிறான், மறுபடி விடுகிறான். 2024-25 சீசனிலிருந்து பள்ளிகளில் டேக்டவுனுக்கு 3 புள்ளி. ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் லாபம் 2. ஏழாவது டேக்டவுனில் 21-6, பதினைந்து வித்தியாசம், ஆட்டம் முடிந்தது. அதற்கு முந்தைய சீசன் வரை டேக்டவுனுக்கு 2தான். அப்போது இதே வழியில் பதினைந்தை எட்டப் பதினான்கு டேக்டவுன் தேவைப்பட்டது. பிள்ளைகளின் திறன் ஒரு கோடையில் இரட்டிப்பாகவில்லை, விதி மாறியது. வித்தியாசத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட முறையில் அந்த ஆண்டின் எண்களை முந்தைய ஆண்டின் எண்களோடு ஒப்பிடவே முடியாது.

‘பின்’ செய்வதும் நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை. ஆறு நிமிட ஆட்டத்தில் கடைசி இருபது நொடியில் மூன்று புள்ளி பின்தங்கியவன் துணிந்து ஏதாவது செய்து பார்ப்பான். அந்தத் துணிவில் மாட்டி முதுகில் விழுவான். சமமான இருவரின் நெருக்கமான ஆட்டம் பதிவில் பின் என்று நிற்கும். இவையெல்லாம் கணக்கின் குறைகள். இவற்றைவிடப் பெரிய காரணம் எனக்கு ஒன்று உண்டு. வித்தியாசத்துக்கு மதிப்பெண் கொடுத்தால், பலவீனமான ஒரு பிள்ளையை ஊரார் முன்னால் ஏழு தடவை தள்ளித் தள்ளி எழுப்புவதற்கு நாமே கூலி கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அது வேண்டாம். வெற்றி, தோல்வி இரண்டும் போதும்.

ஆடாமல் பெற்ற வெற்றியை என்ன செய்வது? 2011இல் இந்த ஊர் மாநிலப் போட்டியில் 112 பவுண்டுப் பிரிவில் ஒரு மாணவன், எதிரே வந்தவள் மாணவி என்பதால், தன் மத நம்பிக்கையின்படி அவளோடு மோத மாட்டேன் என்று ஆட்டத்தை விட்டுக்கொடுத்தான். பட்டம் வெல்லக்கூடும் என்று பேசப்பட்டவர்களில் ஒருவன் அவன். ஐயோவா மாநிலப் போட்டியில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி அப்படித்தான் பதிவானது. அட்டவணையில் அது வெற்றி. திறன் கணக்கில் அதைச் சேர்த்தால் இருவருக்கும் பொய்யான எண் வரும். மேட்டில் கைகலக்காத எதையும் சேர்க்கக் கூடாது என்பதில் விதிவிலக்கே தேவையில்லை. காயத்தால் விலகுவதும் அப்படியே. இப்போது பெண்களுக்கென்றே தனிப்போட்டி இருக்கிறது. ஹவாயில் 1998இல் முதல் மாநிலப் பட்டம் தொடங்கியது; ஐயோவா 2022-23இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்றது. அவர்களுக்கு ஆட்டங்கள் இன்னும் குறைவு, பள்ளிகளுக்கு நடுவில் இணைப்புகளும் குறைவு. ஒரு பெண் பிள்ளையின் எண்ணுக்குப் பக்கத்தில் சந்தேகத்தை எழுதாமல் விடுவது அவளுக்குச் செய்யும் அநீதி.

எண் வெளியே வந்ததும் அது ஆட்டத்தையே மாற்றத் தொடங்குகிறது. உயர்ந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வலுவான எதிராளியைத் தவிர்ப்பதை இங்கே ‘டக்கிங்’ என்பார்கள். கீழ்ப்பிரிவில் எண்கள் தாழ்வாக இருக்கின்றன என்று பார்த்து, அங்கே இறங்க உடம்பை வாட்டுவதும் உண்டு. 1997இன் இறுதியில் ஏறத்தாழ ஒரே மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடை குறைக்கக் கடும் உடற்பயிற்சி செய்து, வியர்த்து, நீர் வற்றி இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. பள்ளிப் பையனின் உடல் கொழுப்பு 7 சதவீதத்துக்கும், பெண்ணுடையது 12 சதவீதத்துக்கும் கீழே போகும் எடையில் ஆட முடியாது; வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் எடை இறங்கக் கூடாது. இந்த விதிகள் இருப்பது பெரும் ஆறுதல். எடையைக் குறைக்கும் ஆசையை இன்னொரு எண் தூண்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது கணக்குப் போடுகிறவர்களின் பொறுப்பு.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் மதுரையிலிருந்து சித்தி மகள் பேசினாள். அவள் பையன் சதுரங்கம் ஆடுகிறான்.

“பாயிண்ட் நிறையப் போயிடுச்சுண்ணா. அடுத்த டோர்னமென்ட்டுக்கு அனுப்ப வேண்டாம்னு அவங்கப்பா சொல்றாரு. இருக்கிறதாவது மிஞ்சட்டும்கிறாரு.”

“அனுப்பும்மா. அவன் ஆடினாத்தான் அந்த எண்ணுக்கே அர்த்தம்” என்றேன்.

பதினெட்டு வயது நிறையும் ஆண்டு முடியும் வரை, 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்கு ஃபிடே ஓர் ஆட்டத்துக்கு 40 என்ற பெருக்கத்தில் புள்ளி மாற்றுகிறது. தேர்ந்த பெரியவர்களுக்கு அது 10தான். பிள்ளை வளர்கிறான், எண்ணும் அவனோடு ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்படியும் கணக்கு பின்தங்கியது. வேகமாகத் தேறும் சிறுவர்கள் தாழ்ந்த எண்ணோடு உள்ளே வந்து, மற்றவர்களின் எண்களையும் கீழே இழுத்தார்கள். 2024 மார்ச்சில் ஃபிடே, 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய எண்ணையும் ஒரே நாளில் உயர்த்தியது. 1000 இருந்தவருக்கு 1400 ஆனது. அவர்களில் யாரும் அன்று ஒரு நகர்த்தல்கூடக் கூடுதலாகக் கற்றுக்கொள்ளவில்லை. அளவுகோலைத் திருத்தினார்கள். அப்படித் திருத்தக்கூடிய ஒன்றை வைத்துப் பிள்ளையின் அடுத்த போட்டியை நிறுத்தாதீர்கள்.

அட்டவணை போட இந்த எண்கள் உதவட்டும். கிராமப் பள்ளிப் பிள்ளையையும் பெரிய பள்ளிப் பிள்ளையையும் ஒரே கண்ணால் பார்க்கும் வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. அதற்காக அவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் ஐயோவாவின் மேட்டானாலும் மதுரையின் பலகையானாலும், வெளியிடுகிறவர்கள் வெறும் எண்ணை மட்டும் வெளியிட வேண்டாம். எத்தனை ஆட்டத்தில் வந்தது, எவ்வளவு சந்தேகம் என்பதையும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் எண்ணை யார் காட்டினாலும், மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ முன்னால் கேளுங்கள்: எத்தனை ஆட்டம், யாரோடு, எப்போது ஆடியது?